இலையை மூடிவிட்டு எழுந்த தோழி

கேள்வி:

1996-ல் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் சேர்ந்த மூன்று பேர் நாங்கள். ஒருத்தி வங்கி அதிகாரி, ஒருத்தி அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை, நான் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆவணியில் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் மூவரும் பக்கத்தில் பக்கத்தில். வங்கித் தோழியின் மகனுக்குப் பொறியியல் கலந்தாய்வில் ஆசைப்பட்ட கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. அந்த வருத்தத்தில் அவள், "அறுபத்தொன்பது போனா மிச்சம் என்ன இருக்கு? மார்க் வாங்கினவன் வெளிய நிக்கிறான், வாங்காதவன் உள்ள போறான்" என்றாள். ஆசிரியைத் தோழி பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவள். "யாரைச் சொல்ற?" என்று கேட்டாள். நான் சமாளிக்க நினைத்து, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. என் பொண்ணையே எடுத்துக்கோ, நாங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம், அவளுக்கு எதுக்கு கோட்டா?" என்றேன். நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. "பாத்தியா, அவளே சொல்றா" என்றாள் வங்கித் தோழி. ஆசிரியைத் தோழி பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். எட்டு மாதமாகப் பேச்சில்லை.

விடுதியில் எங்களுக்குள் சாதி என்பதே தெரியாது. ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். இட ஒதுக்கீட்டை நான் ஆதரிப்பவள்தான், என் சீட்டே அதில் வந்ததுதான். ஆனால் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாதா? கேட்டாலே எதிரியா? மூவரும் ஒரு நாள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது?

– வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மூவரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டாம். நீங்கள் இதற்குள் தேதி குறித்திருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். மூன்று பேர் உட்கார்ந்தால் அது தானாகவே பஞ்சாயத்தாகிவிடும். இரண்டு பேர் வழக்குச் சொல்வார்கள், ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ஓர் ஆள் இருக்கும்போது யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பங்களையும் நண்பர்களையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைக்கிற வேலையில் இருக்கிறேன். முதல் சந்திப்பிலேயே எல்லாரையும் ஒரே அறையில் கூட்டிய ஒவ்வொரு தடவையும் வருத்தப்பட்டிருக்கிறேன். தனித்தனியாகப் போங்கள். முதலில் ஆசிரியைத் தோழியிடம்.

ஆனால் போவதற்கு முன், அந்தப் பந்தியில் நடந்ததை இன்னொரு தடவை மெதுவாகப் பார்க்க வேண்டும். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்ற வாக்கியத்தால்தான் எல்லாம் கெட்டது என்று நினைக்கிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. சண்டையை அணைக்கத்தான் சொன்னீர்கள். ஆனால் அந்த நொடியில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஒருத்தி "வாங்காதவன் உள்ள போறான்" என்கிறாள். பக்கத்து இலையில் இருப்பவள் "யாரைச் சொல்ற?" என்று கேட்கிறாள். அது கொள்கை பற்றிய கேள்வி இல்லை. "என்னையா சொல்ற?" என்பதுதான் அது. அதற்கு "உன்னை இல்லடி" என்று ஒரு பதில் வரவேண்டிய இடத்தில், "ரெண்டு பக்கமும் நியாயம்" என்று வந்தது. அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? 'நீ தகுதியில்லாமல் வந்தவள் என்று இவள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.' அவள் இலையை மூடியதில் எனக்கு வியப்பில்லை.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரியும் என்னை நிறுத்தியது. "எங்களுக்குள் சாதி என்பதே தெரியாது." உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. நம் பள்ளி, கல்லூரிகளில் படித்த பட்டியல் வகுப்பு மாணவர்கள் பலர் என்னிடம் சொன்ன ஒரு காட்சி உண்டு. வகுப்பு நடந்துகொண்டிருக்கும். அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். ஆசிரியர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஸ்காலர்ஷிப் வாங்கறவங்கல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, தலையை எண்ணிப் பட்டியலில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். நிற்பவர்களுக்கு அது முப்பது வினாடி. ஒரு பெண்மணி என்னிடம், "பெஞ்சோட மரம் எந்த இடத்துல உரிஞ்சிருந்ததுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியும். ஏன்னா நான் நிக்கும்போது அதைத்தான் பாத்துட்டு நிப்பேன்" என்றார். அவருக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டுகிறது. உங்கள் ஆசிரியைத் தோழிக்கு இப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் இப்போது போய் அவளிடம் கேட்க வேண்டாம். ஆனால் ஒரே அறையில் ஒரே தட்டில் சாப்பிட்ட மூவரில், சாதியை மறந்துவிட இரண்டு பேருக்குத்தான் வசதி இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேள்வி கேட்கவே கூடாதா என்கிறீர்கள். கேட்கலாம். உங்கள் கேள்வி நல்ல கேள்வி, அதுவும் பழைய கேள்வி. இந்த மாகாணத்தில் 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி அரசாணை வந்த காலம் தொட்டே யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு ஓய்ந்ததில்லை. "வசதியான பிற்படுத்தப்பட்டவருக்கு எதற்கு?" என்று நீங்கள் பந்தியில் கேட்டதை எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோதே கேட்டுவிட்டார். 1979-ல் அவருடைய அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்குச் சலுகை இல்லை என்று ஆணை போட்டது. எதிர்ப்பு கிளம்பியது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்கு இங்கே இரண்டே இடங்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்த ஆணையை அவர் திரும்பப் பெற்றதோடு, பிற்படுத்தப்பட்டோருக்கான இடத்தை 31 சதவீதத்திலிருந்து 50 ஆகவும் உயர்த்தினார். அதற்குப் பிறகு நம் மாநிலத்தில் எந்தக் கட்சியும் அந்த வருமான வரம்பைத் தொடத் துணியவில்லை. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் கதை வேறு. அங்கே பிற்படுத்தப்பட்ட வகுப்பில் ஆண்டு வருமானம் எட்டு லட்சத்தைத் தாண்டிய குடும்பங்களை 'கிரீமி லேயர்' என்று விலக்கிவிடுகிறார்கள், சம்பளத்தை அதில் எப்படிக் கணக்கிடுவது என்பதற்குத் தனி விதிகள் உண்டு. ஆக, உங்கள் மகள் ஒரே மதிப்பெண்ணோடு இரண்டு இடங்களில் விண்ணப்பித்தால் இரண்டு விதமாகப் பார்க்கப்படலாம். இதில் எது சரி என்று நீங்கள் யோசிப்பதில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு, அந்தக் கேள்வியை எந்தக் கேள்விக்குப் பதிலாக வைத்தீர்கள் என்பதில். இட ஒதுக்கீடு என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, உள்ளே பல கேள்விகள் கிடக்கின்றன. அது இருக்க வேண்டுமா என்பது ஒன்று. மொத்தம் எவ்வளவு என்பது இன்னொன்று: 1992-ல் இந்திரா சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது, நாம் 1994-ல் சட்டம் போட்டு, நீதிமன்றத் தலையீட்டிலிருந்து சட்டங்களைக் காக்க அரசியலமைப்பில் உள்ள ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்து, நம் மொத்த ஒதுக்கீடான 69 சதவீதத்தைக் காப்பாற்றிக்கொண்டோம். ஒரு வகுப்புக்குள்ளேயே யாருக்கு முன்னுரிமை என்பது அடுத்தது: 2009-ல் பட்டியல் வகுப்பினரின் 18-க்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு தந்தோம். வசதி வந்தபின் விலக வேண்டுமா என்ற உங்கள் கேள்வி இன்னொன்று. 'என் பையனுக்கு ஏன் கிடைக்கவில்லை?' என்பது இவை எதுவுமே இல்லை, அது ஒரு தாயின் வலி. பந்தியில் இவை எல்லாம் ஒரே இலையில் கலந்துவிட்டன. வங்கித் தோழி கடைசிக் கேள்வியில் ஆரம்பித்தாள். ஆசிரியைத் தோழிக்கு முதல் கேள்வியாக அது கேட்டது. நீங்கள் நடுவே நாலாவதைப் போட்டீர்கள். அது உடனே முதல் கேள்விக்கு ஆதாரமாக மாறிவிட்டது: "பாத்தியா, அவளே சொல்றா."

நீதிபதிகளே இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்வதில்லை. பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கான 10 சதவீத வழக்கில் 2022 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். எதிர்த்த இருவரும் கல்வியில் வறுமையை ஓர் அளவுகோலாக வைப்பதை மறுக்கவில்லை. ஏழைகளிலேயே பட்டியல் வகுப்பினரையும் பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் வெளியே நிறுத்தியதைத்தான் ஏற்கவில்லை. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் ஏழு நீதிபதிகள் சேர்ந்து ஆறு தனித்தனித் தீர்ப்புகள் எழுதினார்கள். ஒத்துப்போன ஆறு பேரிலும் காரணங்கள் வேறுபட்டன. பட்டியல் வகுப்பினருக்குள்ளும் வசதி வந்தவர்களை அடையாளம் காண வேண்டும் என்று அதில் அழுத்தமாக எழுதிய நீதிபதி கவாய், அந்தச் சமூகத்திலிருந்தே வந்தவர். நாள்கணக்கில் வாதம் கேட்டு, நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதி அவர்கள் பிரித்துப் பிரித்துப் பார்த்ததை, பாயசம் வருவதற்குள் நாம் பேசி முடிக்கப் பார்க்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கேள்வி பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வசதியான வீடுகளைப் பற்றியது. அது உங்கள் வீட்டுக் கேள்வி. உங்கள் அண்ணனிடம் கேட்கலாம், சம்பந்தி வீட்டில் கேட்கலாம், உங்கள் சமூகச் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். அங்கெல்லாம் கேட்டால் உங்களுக்குச் செலவாகும், ஆட்கள் முறைப்பார்கள். பட்டியல் வகுப்பைச் சேர்ந்த தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது செலவு அவள் கணக்கில் விழுந்தது. வருமானம் வந்தால் வறுமை போகும். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி கை நிறையச் சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கும் வரும். அதனால் உங்கள் மகளை வைத்து நீங்கள் சொன்ன கணக்கு அவள் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. இதை அவள் உங்களுக்கு விளக்கியிருக்கலாமே என்று தோன்றலாம். எத்தனை இடத்தில் எத்தனை தடவை விளக்கியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பக்கத்திலாவது விளக்காமல் உட்காரலாம் என்று அவள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருந்தாள்.

என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் மகன் ஒருவன். பட்டியல் வகுப்புக் குடும்பம். அப்பா ஒதுக்கீட்டில் படித்து வேலைக்கு வந்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர். மகன் ஒரு தீபாவளியன்று, "எனக்கு அந்தக் கோட்டாப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். அப்பாவுக்கு அது தன் வாழ்க்கையின் மேலேயே காறித் துப்பியது மாதிரி. ஒன்றரை ஆண்டு பேசவில்லை. அம்மாதான் இருவரையும் இழுத்து வந்தார்.

நான் இந்த மாதிரி நேரங்களில் ஒரு பயிற்சி கொடுப்பேன். எதிரில் இருப்பவர் சொன்னதை உங்கள் வாயால் திரும்பச் சொல்லுங்கள். அவர் "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் வரை உங்கள் பதிலைச் சொல்லக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். அப்பா முதல் தடவை, "இவனுக்கு வந்த வழி மறந்துபோச்சு, அதான் சொல்றான்" என்றார். மகன் இல்லை என்று தலையாட்டினான். இரண்டாவது தடவை, "இவனுக்குத் திறமை இருக்கு, கோட்டா தேவையில்லைன்னு சொல்றான்." அதற்கும் இல்லை. மேசையில் வைத்திருந்த காபி ஆறி மேலே ஆடை படிந்துவிட்டது. மூன்றாவது தடவை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியலப்பா. நீயே சொல்லு" என்றார். அப்போதுதான் மகன் சொன்னான்: "நான் அது வேணாம்னு சொல்லலப்பா. எனக்கு அது இருந்துச்சுன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னேன்." அவனுடைய குழுவில் ஒருவர் மதிய இடைவேளையில் 'கோட்டா கேஸ்' என்று யாரையோ கிண்டல் செய்தபோது அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான். அதைச் சொல்லும்போது அவனால் அப்பாவைப் பார்க்க முடியவில்லை. அப்பா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்று இட ஒதுக்கீடு பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த மாதம் வந்தபோது பேசினார்கள். கிரீமி லேயர் வரைக்கும் பேசினார்கள், பல விஷயங்களில் ஒத்துப்போகவில்லை, இருந்தும் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள்.

கருத்துக்குக் கீழே இருப்பது தெரியாமல் கருத்தோடு மோதினால் இப்படித்தான் ஆகும். அந்த அப்பா ஒன்றரை ஆண்டாகச் சண்டை போட்டது மகன் சொல்லாத ஒன்றோடு.

உங்கள் ஆசிரியைத் தோழியிடம் வருவோம். போகும்போது உங்கள் நிலைப்பாட்டை விளக்கத் தயாராகிப் போகாதீர்கள். "நான் சொல்ல வந்தது அது இல்லடி" என்று ஆரம்பித்தால் அன்றைய பந்தி திரும்பவும் ஆரம்பமாகிவிடும். "நான் ஆதரிக்கிறவதான்" என்ற சான்றிதழும் வேண்டாம். செய்யாமல் விட்டதைச் சொல்லுங்கள்: "அன்னிக்கு நீ எந்திரிச்சப்ப நானும் இலையை மூடிட்டு உன் பின்னாடியே வந்திருக்கணும். உட்கார்ந்துட்டேன். எட்டு மாசமா அதுதான் உறுத்துது." உங்கள் நெஞ்சில் இருப்பது வேறாக இருந்தால் உங்கள் சொற்களில் சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாக. பிறகு பேசாமல் இருங்கள். அவள் கோபப்படலாம், அழலாம், உங்கள் மகள் படிப்பு எப்படிப் போகிறது என்று பேச்சை மாற்றலாம். எதுவானாலும் அவள் போக்கில் விடுங்கள். சாதியைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தும் வேலையை அவளுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் மகளைப் பற்றிய அந்தக் கேள்வியை அவளிடம் பேசும் நாள் வரலாம். அதை அவள் எடுக்கட்டும். அவள் கணக்கு ஆசிரியை, அரசுப் பள்ளியில் தினமும் இந்தப் பிள்ளைகளைப் பார்ப்பவள். உங்களைவிடவும் என்னைவிடவும் அவளுக்கு இதில் கேள்விகள் அதிகம் இருக்கலாம். தன் இடம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் யாரும் தன் பக்கத்தின் ஓட்டையைத் தானே காட்டுவார்கள்.

வங்கித் தோழி இன்னும் உங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், அதனால் அவளை எளிதாக நினைத்துவிடாதீர்கள். அவளை வில்லியாக்குவதும் தப்பு. ஒரே மகன், இரண்டு ஆண்டு டியூஷன், கலந்தாய்வு முடிவு வரும் நாளில் கணினித் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள். அந்த வலி நிஜம். யாராவது அவளிடம், "பையன் எப்படி இருக்கான்? நீ எப்படி இருக்க?" என்று கேட்டார்களா? அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு பெயர் பெற்றது. திருநர்களுக்கு எதிரான மனப்பான்மை பற்றியது. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், வாதம் செய்யாமல், "நீங்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர் என்பதற்காக யாராவது உங்களை மட்டமாக நடத்தியது உண்டா?" என்று கேட்டு, வந்த பதிலைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டார்கள். பத்து நிமிடப் பேச்சு. அதில் மனம் மாறியவர்களின் மாற்றம் மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. என் அறையில் நான் பார்ப்பதும் இதுதான். தன் காயத்தைக் கேட்க ஆள் கிடைத்தவருக்கு அடுத்தவர் காயம் கண்ணில் படும்.

அப்புறம், அவள் தணிந்த பிறகு, கணக்கைச் சேர்ந்து பாருங்கள். அவள் முற்பட்ட வகுப்பு என்று நினைக்கிறேன். '69 போனால் மிச்சம் 31 எங்களுக்கு' என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த 31 யாருக்கும் எழுதிவைத்தது இல்லை, அது பொது. மதிப்பெண் இருந்தால் எந்த வகுப்புப் பிள்ளையும் அதில் வரும். நம் மாநிலத்தில் பொதுப் பிரிவில் இடம் பிடிப்பவர்களில் பெரும் பகுதி பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள்தான், அவள் மகனைவிடக் கூடுதல் கட்ஆஃப் வாங்கியவர்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடத்திலும் எந்தப் பிரிவில் எந்தக் கட்ஆஃப் வரை இடம் போனது என்ற பட்டியல் பொறியியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து அந்தக் கல்லூரியின் வரிசையை எடுத்துப் பாருங்கள். சுயநிதிக் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் எப்படி நிரம்புகின்றன என்றும் கேளுங்கள். 'மார்க் வாங்காதவன் உள்ள போறான்' என்ற கோபம் அந்தப் பக்கம் ஏன் திரும்புவதே இல்லை என்று எனக்குப் பல ஆண்டுகளாக வருத்தம் உண்டு.

ஆனால் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள். அவள் மகனைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் அது. வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். அனுப்பினால் பதிலுக்கு ஒரு ஃபார்வர்ட் வரும்.

ஒன்றை மட்டும் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், அன்பாக, ஆனால் மழுப்பாமல். கொள்கையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், உள்ளே வந்தவர்களைத் தகுதியில்லாதவர்கள் என்று பேசுவது நம் மூன்று பேருக்குள் கிடையாது. "நீ அன்னிக்குச் சொன்னது கோட்டாவப் பத்தி இல்ல, அவளப் பத்தி" என்று சொல்லுங்கள். அவள் முகம் சுருங்கும். "அப்ப நீயும் அவ பக்கமா?" என்று கேட்பாள். இந்த இடத்தில் "ரெண்டு பக்கமும்" என்று திரும்பவும் ஆரம்பித்துவிடாதீர்கள். "ஆமா, இதுல அவ பக்கம்தான்" என்று சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் ஒரு பக்கம் உறுதியாக நின்றவர் அடுத்த விஷயத்தில் சந்தேகம் கேட்டால்தான் அந்தச் சந்தேகத்தை மற்றவர்கள் நம்புவார்கள். எல்லாவற்றிலும் நடுவிலேயே நிற்பவரை இரண்டு பக்கமும் நம்புவதில்லை. உங்களுக்கு இப்போது நடந்திருப்பது அதுதான்.

உங்கள் மகள் விஷயம். அது உங்கள் வீட்டில் பேசி முடிக்க வேண்டியது. சலுகையைக் கோராமல் விண்ணப்பிக்க யாருக்கும் தடையில்லை. உங்களுக்கு அப்படித் தோன்றினால், அவளுக்கும் சம்மதம் என்றால் செய்யுங்கள். அவள் விட்ட இடம் அதே வகுப்பில் அடுத்து இருக்கும் பிள்ளைக்குப் போகும். அதைச் செய்வதற்கு எந்தப் பந்தியிலும் அறிவிக்க வேண்டியதில்லை. மாநிலம் முழுக்க வருமான வரம்பு வேண்டுமா என்பது வேறு பேச்சு. அதில் எனக்கே முழுத் தெளிவு இல்லை. வரம்பு வைத்தால் நிரம்பாமல் போகும் இடங்கள் எங்கே போகும் என்று 1979-ல் எதிர்த்தவர்கள் கேட்ட கேள்விக்கு நல்ல பதிலை நான் இன்னும் கேட்டதில்லை. வரம்பே இல்லாவிட்டால் கிராமத்துக் கூலிக்காரர் மகள் உங்கள் மகளோடு ஒரே வரிசையில் போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதும் நிஜம். இந்த இரண்டையும் சேர்த்துப் பேச எனக்கு ஆட்கள் உண்டு. ஆனால் அவர்களோடு இதைப் பேச முடிவதற்கு முன், ஒருவரையொருவர் நம்பப் பல ஆண்டுகள் ஆயின.

உங்களுக்கு அந்த ஆண்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. இப்போது ஏப்ரல். விடைத்தாள் திருத்தும் பணியில் ஆசிரியைத் தோழிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மே முதல் வாரம் வரைக்கும் பொறுங்கள். அப்புறம் ஒரு ஃபோன் போடுங்கள். மன்னிப்பு, விளக்கம் எதையும் ஃபோனில் சொல்ல வேண்டாம். "ஒரு நாள் வீட்டுக்கு வரட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை போடுங்கள்.